சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

அக்கா மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஜனவரி மாதம் அலுவலக வேலையாக நியூயார்க் கிளம்பினான். இடையில் எங்கும் இறங்காமல் நேராகப் போகும் விமானம். பறந்துகொண்டிருக்கும்போதே, முன் இருக்கையின் முதுகில் உள்ள திரையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அதில் குட்டி விமானம் ஜப்பானுக்குப் பக்கத்தில் நின்றது. காலையில் காபி போடும்போது அதைப் பார்த்த அக்கா, தஞ்சாவூரிலிருந்து எனக்குப் போன் செய்தாள். "ஏண்டா, அமெரிக்கா மேற்கேதானே இருக்கு? இவன் எதுக்கு ஜப்பான் பக்கம் போறான்? சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேந்துடுவானா?"

நல்ல கேள்வி. அதில் தூரமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. தரையில் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம் என்றால், அதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் உள்ள ஊருக்கு மூன்று மணி நேரம். வானத்தில் இந்தக் கணக்கு பல சமயம் பொய்த்துப் போகிறது. கூடுதல் தூரம் பறக்கும் விமானம் முன்கூட்டியே போய்ச் சேருவதும் உண்டு. ஏன் என்பதை, அக்காவுக்குச் சொன்ன அதே வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு நூலும் ஓர் உருண்டையும்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே அடிக்கோலை வைத்து ஒரு நேர்கோடு இழுத்தால், அது சுமத்ராவைத் தொட்டு, இலங்கையைக் குறுக்கே கடந்து, அதன் மேற்குக் கரையில் கொழும்புக்குச் சற்று வடக்கே வெளியேறி, அரபிக்கடலைக் கடந்து, ஏமன், சூடான், சகாரா பாலைவனம், அட்லாண்டிக் என்று போய் முடியும். பார்த்தால் அதுதான் மிகக் குறுகிய வழி என்று தோன்றும். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு விமானம் பறந்தால் சுமார் 18,500 கி.மீ. போக வேண்டியிருக்கும்.

இப்போது வரைபடத்தை விட்டுவிட்டு ஒரு பூகோள உருண்டையை எடுங்கள். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தொய்வில்லாமல் விறைப்பாக நிற்க வேண்டும். அது இலங்கைப் பக்கம் போகவே போகாது. நேரே வடக்கே ஏறும். தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய், வட துருவத்தை ஒட்டிக் கடந்து, ஆர்க்டிக் பனிக்கடலின் மறுபக்கம் இறங்கி, கனடா வழியாக நியூயார்க்குக்கு வந்துவிடும். இந்த வழியின் நீளம் சுமார் 15,345 கி.மீ. அடிக்கோல் வழியைவிட மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்.

நான் முதன்முதலில் இப்படி நூல் வைத்துப் பார்த்தபோது நூல் நழுவிவிட்டதோ என்று நினைத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் அங்கேயேதான் நின்றது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கையில் நூலைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட இது நன்றாக மனதில் பதியும்.

இந்த நூல் வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். எலுமிச்சம்பழத்தைச் சரிபாதியாக நறுக்கினால், வெட்டின ஓரத்தில் ஒரு வட்டம் கிடைக்கும். அந்தப் பழத்தின் மேல் வரையக்கூடிய வட்டங்களிலேயே பெரியது அதுதான். கத்தியை எந்தக் கோணத்தில் வைத்தாலும், பழத்தின் நடு மையத்தின் வழியாகப் போனால் கிடைப்பது பெருவட்டம். மையத்தை விட்டு விலகி ஓரமாக நறுக்கினால் சின்ன வட்டம்தான் வரும். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. மற்ற அட்சரேகைகளெல்லாம் சின்ன வட்டங்கள். உருண்டையின் மேல் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும், அவற்றுக்கிடையே மிகக் குறுகிய வழி அவை இரண்டையும் தொடும் பெருவட்டத்தின் மேல்தான் இருக்கும்.

சுவர் வரைபடத்தில் தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. நாம் பெரும்பாலும் பார்க்கும் வகையை 1569-இல் கெரார்டஸ் மெர்க்காட்டர் வரைந்தது கடலோடிகளுக்காக. திசைகாட்டியின் முள் ஒரே பக்கம் காட்டும்படி கப்பலை ஓட்டினால், அந்தப் பாதை வரைபடத்தில் நேர்கோடாக விழ வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதை அவர் சாதித்தார். அதற்குக் கொடுத்த விலை, துருவங்களை நெருங்க நெருங்க எல்லாம் வீங்கித் தெரிவது. அந்த வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போலப் பதினாலு மடங்கு. திசைக்காகச் செய்த வரைபடத்தில் தூரத்தை அளந்தால் நமக்குக் கிடைப்பது இலங்கை வழி.

காகிதத்தில் போடக்கூடிய கணக்கு

பெருவட்டத் தூரத்தைக் கணக்கிட வழக்கமாகக் கோண கணிதம் வேண்டும். சைன், கோசைன் எல்லாம் வரும். ஆனால் சிங்கப்பூர், நியூயார்க் ஜோடிக்கு மட்டும் கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும். எனக்கு இந்த ஜோடி பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் மேற்கில் 73.8 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 177.8. இது 180 ஆக இருந்திருந்தால் இரண்டும் பூமியின் சரி எதிரெதிர்ப் பக்கக் கோடுகளில் இருப்பதாக அர்த்தம். அதற்கு மிக அருகில் வந்துவிட்டது. எதிரெதிர்க் கோடுகளில் உள்ள இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி துருவத்தின் மேலேயே போகும். அதனால் கணக்கு சுலபமாகிவிடுகிறது: சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை, பிறகு துருவத்திலிருந்து நியூயார்க் வரை.

சாங்கி பூமத்திய ரேகைக்கு 1.36 டிகிரி வடக்கே. துருவம் 90 டிகிரி. ஆக இன்னும் ஏற வேண்டியது 88.64 டிகிரி. கென்னடி நிலையம் 40.64 டிகிரி வடக்கே. துருவத்திலிருந்து இறங்க வேண்டியது 49.36 டிகிரி. மொத்தம் 138 டிகிரி.

ஒரு டிகிரி எத்தனை கிலோமீட்டர்? பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கி.மீ. அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. சொச்சம். 111.2 என்று எடுத்துக்கொண்டு 138-ஆல் பெருக்கினால் 15,345 வருகிறது. இணையத்தில் எந்தத் தூரக் கணக்குக் கருவியில் வேண்டுமானாலும் இந்த இரண்டு நிலையங்களையும் போட்டுப் பாருங்கள். இதையொட்டிய எண்தான் வரும். பூமி மிகச் சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

சுற்றளவு 40,000 என்று இப்படி முழு எண்ணாக அமைந்தது தற்செயல் அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மீட்டர் என்ற அளவை உருவாக்கியபோது, துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்குதான் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். அதாவது அந்தத் தூரம் 10,000 கி.மீ. பூமியின் கால்வாசிச் சுற்று. விமானிகளும் மாலுமிகளும் புழங்கும் கடல் மைலும் பூமியிலிருந்து பிறந்ததே. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். அந்தக் கணக்கில் நம் பயணம் 138 பெருக்கல் 60, அதாவது 8,280 கடல் மைல். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அந்த வேகத்துக்கு ஒரு நாட் என்று பெயர்.

சுற்றளவு 40,000 என்பதால் இன்னொன்றும் தெரிகிறது. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அதிகபட்சத் தூரம் 20,000 கி.மீ.தான். அதைத் தாண்டினால் மறுபக்கமாக நெருங்க ஆரம்பித்துவிடுவோம். சிங்கப்பூர், நியூயார்க் அந்த உச்சத்தில் நாலில் மூன்று பங்கைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் ஜப்பான் ஏன்?

துருவ வழிதான் மிகக் குறுகியது என்றால், அக்கா மகன் ஏன் அந்த வழியில் போகவில்லை? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க் பக்கத்து நூவார்க் நிலையத்துக்கு நேர் விமானத்தைத் தொடங்கியபோது, பயணம் சுமார் 16,700 கி.மீ. என்றும், 18 மணி 45 நிமிடம் வரை ஆகும் என்றும் அறிவித்தது. கென்னடி நிலையத்துக்கான நேர் விமானம் 2020 நவம்பரில் வந்தது. இரண்டு நிலையங்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து பெருவட்டத் தூரம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆக, நூல் வழியைவிட ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் அதிகமாகவே பறக்கிறார்கள். தெரிந்தேதான் செய்கிறார்கள். காரணம் காற்று.

ஒகேனக்கல்லில் பரிசலில் போயிருக்கிறீர்களா? துடுப்பு போடுகிறவர் அதே பலத்தோடுதான் போடுவார். நீரோட்டத்தோடு போகும்போது கரையில் உள்ள பாறைகள் வேகமாகப் பின்னால் ஓடும். எதிர்த்துத் திரும்பும்போது கை வலிக்க வலிக்கப் போட்டாலும் பாறை நகராது. விமானமும் அப்படித்தான். அது காற்றுக்குள் போகும் வேகம் ஒன்று, தரையைக் கடக்கும் வேகம் வேறு. இந்தப் பெரிய விமானங்கள் காற்றுக்குள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. போகும். அந்தக் காற்றே மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து தள்ளினால், தரைக்கணக்கில் 1,050 கி.மீ. எதிரே வீசினால் 750.

உயரே, ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், ஆறு போல ஓடும் காற்று இருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். பூமத்திய ரேகைப் பக்கத்துச் சூடும் துருவத்துக் குளிரும் சந்திக்கும் இடத்தில், பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் சாதாரணமாகப் போகும். குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். உலகிலேயே மிக வலுவான ஜெட் காற்றோட்டங்களில் ஒன்று ஜப்பானுக்கு மேலே ஓடுகிறது. ஜனவரியில் கிழக்கே போகிற விமானத்துக்கு அது பெரிய வரம்.

இந்தக் காற்றைக் கண்டறிந்தவர்களில் முன்னவர் ஒருவர் ஜப்பானியர். வசாபுரோ ஓயிஷி என்ற வானிலை அறிஞர் 1920-களில் பலூன்களை மேலே விட்டு, அவை எவ்வளவு வேகமாகக் கிழக்கே அடித்துச் செல்லப்படுகின்றன என்று அளந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில் தம் முடிவுகளை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோ மொழியில் 1926-இல் வெளியிட்டார். அந்தப் பொது மொழியைப் படிக்க ஆள் இல்லாததால் அது வெளியே தெரியவே இல்லை. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிய பிறகுதான் மற்றவர்கள் இதைப் பெரிதாகக் கவனித்தார்கள். அவ்வளவு அருமையான வேலை அப்படிக் கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அக்கா மகனின் விமானம் ஜப்பான் பக்கம் போனது இந்தக் காற்றைப் பிடிக்கத்தான். அங்கிருந்து வட பசிபிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தின் மேலே நுழைந்து, கிழக்குக் கரைக்கு இறங்குகிறது. தூரம் கூடுகிறது, ஆனால் பின்னாலிருந்து தள்ளும் காற்று அந்தக் கூடுதலை ஈடுகட்டிவிடுகிறது.

இதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஏர் இந்தியாவின் டெல்லி, சான் பிரான்சிஸ்கோ விமானம் முன்பு மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாகப் பறந்து பார்த்தார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கி.மீ. கூடுதல். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக மணிக்கு 1,055 கி.மீ. எந்தப் பயணிகள் விமானமும் காற்றுக்குள் அந்த வேகத்தில் போவதில்லை. மீதியைக் காற்று கொடுத்தது.

இதே காற்றால்தான் 2020 பிப்ரவரியில், சியாரா என்ற புயல் நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. வழியில் ஒரு கட்டத்தில் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா என்று கேட்கத் தோன்றும். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. சுற்றியிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது கிடைத்த லாபம் திரும்பும்போது நட்டம், இரண்டும் சரியாகிவிடும் என்று நினைப்போம். சரியாகாது. 9,000 கி.மீ. தூரத்தை 900 கி.மீ. வேகத்தில் போய்வர 20 மணி நேரம் ஆகும். இப்போது 100 கி.மீ. காற்றைச் சேருங்கள். ஒரு பக்கம் 1,000 கி.மீ. வேகத்தில் 9 மணி நேரம். மறுபக்கம் 800 கி.மீ. வேகத்தில் 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருப்பதால் நட்டம்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் திரும்பும்போது அதே வழியில் வராமல், காற்று குறைவான வேறு வழியைத் தேடுகிறார்கள். மேற்கே வரும் விமானங்களுக்குத் துருவப் பக்கம் நல்ல வழி. 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில், விமானிகள் அனைவரும் பெண்களாக இருந்த ஏர் இந்தியா விமானம் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலே பறந்து பெங்களூருவில் இறங்கியது. சுமார் 14,000 கி.மீ., சுமார் 17 மணி நேரம். மேலே சொன்ன டெல்லி பயணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தூரம் இதில் குறைவு, நேரம் அதிகம்.

இந்த இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூமிதான் கிழக்கே சுழல்கிறதே, விமானம் மேலே ஏறிச் சும்மா நின்றால் ஊர் தானாகக் கீழே வந்துவிடாதா? வராது. ஓடும் ரயிலில் எதிர் இருக்கைக்காரரிடம் ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிப் போட்டால் அது அவர் கையில்தான் விழுகிறது, பின்னால் பறந்துவிடுவதில்லை. பழமும் ரயிலோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது, அதற்குள் இருக்கும் விமானமும் அப்படியே.

வானத்திலும் வேலி உண்டு

காற்று மட்டுமே வழியைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வான்பரப்பு சொந்தம். அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒன்றின் விமானங்களுக்கு மற்றொன்று வான்பரப்பை மூடின. அதில் பெரிய அடி வாங்கியது பின்லாந்தின் ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ பெருவட்டக் கணக்கில் சுமார் 7,800 கி.மீ.தான். சைபீரியாவின் மேலே பறந்து சுமார் ஒன்பது மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ரஷ்யா மூடியதும் வட துருவத்தைச் சுற்றிப் போக வேண்டியதாகி, பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு ஊர்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இந்தியாவிலும் இது தெரிந்த கதைதான். 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் வான்பரப்பு மூடியிருந்தபோதும், 2025 ஏப்ரலில் மறுபடி மூடியபோதும், டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்களின் பயணம் நீண்டது.

துருவ வழிக்கு வேறு சில நிபந்தனைகளும் உண்டு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், மற்றதை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் போய் இறங்க வழியில் ஒரு நிலையம் இருக்க வேண்டும். பனிக்கடலுக்கு மேலே அப்படி நிலையங்கள் அரிது. அப்புறம் குளிர். ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. உயரே வெளிக்குளிர் அதைவிடக் கீழே போவதுண்டு. அதனால் விமானிகள் தொட்டியின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும்.

சுமையைச் சுமக்கும் சுமை

இவ்வளவு தூரம் நிற்காமல் பறப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டால், எரிபொருளைச் சுமந்து போகவும் எரிபொருள் வேண்டும் என்பதே பதில். பதினெட்டாவது மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் தூக்கிக்கொண்டே பறக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-லேயே இந்த வழியில் நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானங்களை விட்டது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டது. ஐந்து வருடம் கழித்து மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் வந்த பிறகுதான் மறுபடி தொடங்க முடிந்தது. அதன் தொட்டிகள் 1,65,000 லிட்டர் கொள்ளும். இருக்கைகள் 161 மட்டுமே. இருக்கைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல்! அந்த விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. கூட்டத்தைக் குறைத்தால்தான் அவ்வளவு தூரம் போக முடியும்.

டிக்கெட்டில் உள்ள நேரம்

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் பறக்கும் நேரம் மட்டும் அல்ல. நிலையத்தின் கேட்டை விட்டு விமானம் பின்னால் நகரும் நொடியில் கணக்கு தொடங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் வந்து நிற்கும்போது முடியும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். உயரத்துக்கு ஏறும்வரை முழு வேகம் கிடையாது. ஊருக்குச் சுமார் 200 கி.மீ. முன்பே இறங்க ஆரம்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் நேரம் போடுகிறார்கள்.

நீங்களே ஒரு தோராயம் போட, பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை, சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றரை, அரை மணி சேர்த்தால் நாலு மணி நேரம். டிக்கெட்டிலும் நாலு, நாலரை என்றுதான் இருக்கும். சிங்கப்பூர், நியூயார்க் பதினெட்டரை வரும். அதுவும் ஏறக்குறைய சரி. ஆனால் ஹெல்சிங்கி, டோக்கியோ பத்து மணி நேரத்துக்குக் கீழே வரும், உண்மையில் ஆவதோ பதின்மூன்று. இணையக் கருவிகள் பலவும் இதே மாதிரி ஒரு நிலையான வேகத்தால் வகுத்துத்தான் நேரத்தைச் சொல்கின்றன. போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரத்தைக் காட்டினால், அந்தக் கருவி காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். தூரத்துக்கு அதை நம்புங்கள். நேரத்துக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள்.

கடிகாரக் குழப்பம்

இனி அக்காவின் கடைசிக் கேள்வி. மகன் கிளம்பியது திங்கட்கிழமை அதிகாலை 12.30, சிங்கப்பூர் நேரம். இறங்குவது அதே திங்கட்கிழமை காலை 6 மணி, நியூயார்க் நேரம். டிக்கெட்டை அப்படியே பார்த்தால் ஐந்தரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். டிக்கெட்டில் எப்போதும் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இரண்டு வெவ்வேறு கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கக் கூடாது.

சிங்கப்பூர் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னே. நியூயார்க் குளிர்காலத்தில் ஐந்து மணி பின்னே. நடுவில் பதின்மூன்று மணி நேரம். ஐந்தரையோடு பதின்மூன்றைக் கூட்டினால் பதினெட்டரை. அமெரிக்காவில் மார்ச் முதல் நவம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பார்கள். அப்போது வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு. சிங்கப்பூரில் காலை எட்டு என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு எட்டு. முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

அக்காவிடம் நான் சொன்ன வழி இதைவிடச் சுலபமானது. எல்லாவற்றையும் நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள். சிங்கப்பூரில் இரவு 12.30 என்றால் நமக்கு முந்தைய இரவு 10 மணி, அதாவது ஞாயிறு. அதிலிருந்து பதினெட்டரை மணி நேரம் எண்ணினால் திங்கள் மாலை 4.30. "நாலரைக்கு மேல போன் பண்ணு" என்றேன். நாலே முக்காலுக்குப் பண்ணியிருக்கிறாள். விமானம் அப்போதுதான் கேட்டுக்கு வந்து நின்றிருந்தது.

திரும்பி வரும்போது மறுபடி குழப்பம். வெள்ளிக்கிழமை இரவு 10.30-க்கு நியூயார்க்கில் ஏறினான். பத்தொன்பது மணி நேரப் பயணம். சிங்கப்பூரில் இறங்கியது ஞாயிறு காலை 6.30. "நடுவுல சனிக்கிழமை எங்கடா போச்சு?" என்று கேட்டாள் அக்கா. ஜப்பான் வழியாகப் போகும்போது பசிபிக்கில் உள்ள சர்வதேசத் தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. வரும்போது அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி வந்தாலும் சரி, துருவ வழியாகவோ அட்லாண்டிக் வழியாகவோ வந்தாலும் சரி, கிளம்பும் ஊர்க் கடிகாரமும் சேரும் ஊர்க் கடிகாரமும் மாறுவதில்லை. அதனால் விடையும் மாறாது.

நம் சுவர்க் கடிகாரத்தில் அவன் ஏறியது சனிக்கிழமை காலை 9 மணி, இறங்கியது ஞாயிறு அதிகாலை 4 மணி. அக்கா அந்தச் சனிக்கிழமை அவனுக்காகக் கோவிலுக்குப் போய் வந்தாள், சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கி எழுந்தாள். அவ்வளவு நேரமும் அவன் பறந்துகொண்டேதான் இருந்தான்.